இரண்டாம் எண் பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

மகள் தொலைபேசியில் சொன்னதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எங்களுக்கு ஒரு பெரிய வண்டி வாங்கித் தருகிறார்களாம். உயரமான சொகுசு வண்டி. எதிரே வந்தால் நான் ஓரமாக ஒதுங்கி வழிவிடும் ரகம்.

"எந்த வண்டின்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். உள்ளே என்னென்ன வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்கப்பா. விலையை மட்டும் பார்க்காதீங்க, பார்த்தா தூங்க மாட்டீங்க."

விலையைப் பார்க்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

வேலைக்காலம் முழுவதும் கட்டுமானப் பொருள் சோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று அறிக்கை எழுதினேன். அறிக்கை என்றால் முதலில் பொருளடக்கம். அந்தப் பழக்கம் போகாது. எனவே இந்த வண்டி பற்றி நான் எழுதப்போவது:

1. ஏறுவதும் இறங்குவதும். இதுதான் தலையாயது.
2. எங்கள் தெரு, எங்கள் கேட், எங்கள் முட்டுச் சந்து. இவற்றில் அது நுழையுமா, திரும்புமா, குலுங்காமல் போகுமா?
3. நிறம், தோல், அலங்காரம். எனக்கு அக்கறை இல்லை. ஒரு வரி போதும்.
4. தேவையில்லாத ஆடம்பரங்களை நாசூக்காக மறுப்பது.
5. ஓட்டப்போவது நான், என் மனைவிக்குப் பக்கத்து இருக்கை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஏன் இந்த வண்டி என்பதையும் எழுதிவைக்கிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஓட்டியது என் மனைவிதான். கால்நடை மருத்துவர். சேறோ பாறையோ, மாடு எங்கே கன்று ஈன முடியாமல் தவிக்கிறதோ அங்கே ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். எனக்கும் உரிமம் உண்டு. "நீங்க ஓட்டினா வண்டி எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போகும்" என்பாள்.

போன வருடம் திரைச்சீலை மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தாள். இடது இடுப்பில் புது மூட்டு. மருத்துவமனை வாசலில் எங்கள் பழைய காருக்குள் அவளால் குனிந்து உட்கார முடியவில்லை. காவலாளிகள் இருவர் தூக்கி உள்ளே வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனிமே மூட்டை மாதிரி என்னை யாரும் தூக்கிப்போடக் கூடாது." அதன்பின் அந்தக் காரில் அவள் ஏறவேயில்லை. மருத்துவரிடம் போகக்கூட நோயாளி வேன்தான்.

மலைமேல் அவள் அக்கா இருக்கிறாள். மூச்சுத் தொல்லை, இறங்கி வர முடியாது. இருவரும் தினமும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அவள் யார் கையும் படாமல் ஏறி உட்கார வேண்டும். அக்கா வீட்டு வாசலில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. நான் தேறுவேனா?

மார்ச் 5, வியாழன்

காட்சியகம் போனேன். தரை அவ்வளவு பளபளப்பு. செருப்பைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

விற்பனையாளர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர். ஒவ்வொரு வசதியையும் "இன்னொண்ணு சார்" என்றுதான் தொடங்குகிறார். நானும் மனதுக்குள் அவருக்கு 'இன்னொண்ணு' என்றே பெயர் வைத்துவிட்டேன். கதவு தானே மூடிக்கொள்ளும். இன்னொண்ணு சார், கூரை முழுக்கக் கண்ணாடி. இன்னொண்ணு சார், வாசனை வரும்.

"என்ன வாசனை?"

"நாலு விதம் இருக்கு சார்."

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "யோசிக்கிறேன்" என்றுதான் வந்தது. நாசூக்காக மறுப்பது அவ்வளவு சுலபமில்லை.

பிறகு அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி பெருமூச்சு விட்டது. அப்படியே மெல்லத் தாழ்ந்தது! சக்கரங்களுக்கு மேல் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளாம். காற்றை விட்டால் ஏறுவதற்கு வசதியாக இறங்கிக்கொள்ளும், கிளம்பினால் எழுந்துகொள்ளும். நான் டேப்பை எடுத்து இருக்கையின் உயரத்தை அளந்தேன். அவள் நின்ற நிலையில் லேசாகப் பின்னால் சாய்ந்தால் உட்கார்ந்துவிடும் உயரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொண்ணு பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சார், இன்னும் விலையே சொல்லலையே!"

மார்ச் 6, வெள்ளி

கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் பக்கப் பலகை உண்டு. சேர்க்கச் சொல்லிவிட்டேன். யோசிக்காமல் எடுத்த நல்ல முடிவு. வாழ்க்கையில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, சனி

வண்டியின் நீள அகலத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வாசலில் வரைந்தேன். பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு காதும் வரைந்தேன். எதிர்வீட்டுக்காரர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார், யாராவது விழுந்துட்டாங்களா?"

"இல்லைங்க, வண்டி வரப்போகுது."

"மோதிட்டா?"

உள்ளேயிருந்து அவள் சிரித்தது தெரு வரைக்கும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கேட்டில் இருபுறமும் ஒரு கை நுழையும் இடம்தான் மிஞ்சுகிறது. கண்ணாடிகளை மடக்கினால் இரண்டு கை. பரவாயில்லை. பரவாயில்லையா?

மார்ச் 10, செவ்வாய்

இன்று பெரிய நாள். சோதனை வண்டியை இன்னொண்ணு வீட்டுக்கே ஓட்டிவந்தார். எங்கள் முட்டுச் சந்தின் கடைசியில் பழைய காரையே முன்னும் பின்னும் பலதடவை ஆட்டித்தான் நான் திருப்புவேன். அவர் ஒரே வீச்சில் திருப்பினார். பின்சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன! ஜன்னலில் அவள் எழுந்து நின்றாள்.

"என்னங்க, ஒரே வீச்சுல திரும்பிடுச்சே! பின்னாடி எவ்வளவு திரும்புதுன்னு அவரைக் கேளுங்க."

கேட்டேன். எனக்கு விளங்காத பதில் வந்தது. அவளிடம் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோ பெண்ணும் இருந்தாள். வண்டி தாழ்ந்தது. என் மனைவி கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். பிசியோ பெண் முறையைச் சொன்னாள்: முதுகை வண்டிக்குக் காட்டி நில்லுங்கள், முதலில் உட்காருங்கள், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுபோங்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். குதிகால் பலகையில் இடித்தது. அதற்குமேல் நகர முடியவில்லை. இருக்கைக்கும் அவளுக்கும் நடுவே, நான் கேட்டபடியே பூட்டி வந்த என் பலகை. என் நல்ல முடிவு.

"இந்தப் பலகையை வச்ச புத்திசாலி யாருங்க?" என்றாள் பிசியோ பெண்.

இன்னொண்ணு என்னைப் பார்த்தார். நான் கேட்டைப் பார்த்தேன்.

காலை வைத்து ஏறுகிறவர்களுக்குத்தான் பலகை. இவள் காலை வைத்து ஏறுவதே கூடாது. முதுகுப்பக்கமாக உட்கார வேண்டும். இதை ஏன் யோசிக்கவில்லை? மருத்துவமனையில் சொல்லித்தரும்போது நானும்தானே பக்கத்தில் இருந்தேன்? சாதாரண மனிதன் எப்படி ஏறுவான் என்று பார்த்து அளந்திருக்கிறேன். அவள் எப்படி ஏறுவாள் என்று பார்க்கவில்லை.

அவள் கோபிக்கவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் ஆகாது" என்றாள். அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 11, புதன்

பலகையை எடுக்கச் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். சேர்த்ததும் நானே, நீக்குவதும் நானே என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்?

மார்ச் 12, வியாழன்

அழைத்தேன். சிரித்துவிட்டார். "சார், கடையில எல்லாரும் இன்னும் வேணும்னுதான் போன் பண்ணுவாங்க. ஒண்ணை எடுத்துடுங்கன்னு மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

பலகை இல்லாத வண்டி ஒன்று காட்சியகத்தில் நிற்கிறதாம், சனிக்கிழமை அனுப்புகிறாராம்.

மார்ச் 14, சனி

உட்கார்ந்தாள்! முதுகைக் காட்டி நின்றாள், சாய்ந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு காலும் உள்ளே. யாரும் தொடவில்லை. நாங்கள் மூவரும், நான், பிசியோ பெண், இன்னொண்ணு, கைகளை நீட்டியபடி சிலை போல நின்றோம்.

"எதுக்கு எல்லாரும் பந்து பிடிக்கிற மாதிரி நிக்கறீங்க?" என்றாள்.

அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த சோதனையையும் முடித்தேன். பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் என்று இரண்டு விதம் உண்டு; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வண்டியும் வந்திருந்தது. பெரியதில் வண்டிக்குத் தனி மிடுக்கு, ஆனால் டயர் மெலிசு. ஒரு தம்ளரில் தண்ணீர் நிரப்பி, மடியில் துண்டு விரித்து, தெருமுனையில் குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட இடத்தில் இரண்டு வண்டிகளிலும் போய்ப் பார்த்தோம். இன்னொண்ணு ஓட்டினார். பெரிய சக்கரத்தில் துண்டு நனைந்தது. சின்னச் சக்கரத்தில் சில துளிகள்தான். சின்னதே போதும். என் பேண்ட்டைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்து, வேண்டாமென்று திரும்பிப் போய்விட்டார்.

நிறம்: இதில் எனக்கு அக்கறை இல்லை என்று எழுதியிருந்தேன். கரும்பச்சையில் ஒன்று இருக்கிறது. நிழலில் கறுப்பு, வெயிலில் மழை நின்ற பிறகு இலை இருக்குமே, அந்தப் பச்சை. மாதிரித் தகட்டைச் சட்டைப்பையில் கொண்டுவந்து ஜன்னலோரம், விளக்கடியில், வாசலில் என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டாள்: "அந்தத் தகட்டுக்குச் சாப்பாடு போடணுமா?"

மார்ச் 16, திங்கள்

கடைசிப் பட்டியல். இதன்படி வண்டி வந்துசேர ஐந்து மாதம் ஆகுமாம். நறுமணம் மறுத்தேன், வாய்விட்டே சொன்னேன்! கூரைக் கண்ணாடி சரி. அவள் வானம் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் வாதம் செய்தேன். ஓட்டுநர் இருக்கையில் 1, 2 என்று இரண்டு பொத்தான்கள். தன் உயரத்துக்கு இருக்கையைச் சரிசெய்து ஒரு எண்ணில் பதித்துவிட்டால், அழுத்தியதும் அந்த இடத்துக்கு அதுவே வந்து நிற்கும்.

"ஓட்டுவது நான் ஒருவன்தானே? இது எனக்கு எதற்கு?"

"பக்கத்து சீட் மசாஜோட சேர்த்துத்தான் வரும் சார். தனியாப் பிரிக்க முடியாது."

அவள் முதுகுக்கு மசாஜ் தேவை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். நான்காவது குறிப்பில் ஒரு கீறல்.

அவள் கேட்டாள், "ரெண்டாம் பொத்தான் சும்மாவா இருக்கும்?" ஆமாம் என்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது, இனி ஸ்டூலில் ஏறுவதைத் தவிர எல்லாம் செய்யலாம் என்றார். அவள் "எல்லாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எதற்கென்று தெரியவில்லை. திரும்பும்போது நோயாளி வேனில் விசிலடித்தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

வந்துவிட்டது! வாசலில் நிற்கிறது. எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். கேட்டில் நுழைத்தது நானேதான். மேலிருந்து பறவை பார்ப்பதுபோல் திரையில் வண்டியும் சுவரும் தெரிகின்றன. நான் கேட்டையே பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். உரசவில்லை!

என் இருக்கையை 1-இல் பதித்தேன்.

மாலையில் அவளை ஏற்றி ஏரிக்கரை வரை போய்வந்தேன். பழைய காருக்கு நோகும் என்று அந்தப் பக்கமே போகாத மேடு பள்ளமெல்லாம் இதற்கு ஒன்றுமேயில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் பயப்படுகிறாள். முன்னால் சைக்கிள் வந்தால் அவள் வலது கால் தரையை அழுத்துகிறது. வளைவில் அவள் உடம்பு எனக்கு முன்பே சாய்கிறது. நான் தயங்கும் இடத்தில் "போகலாம், போகலாம்" என்று முணுமுணுக்கிறாள். பாவம், விழுந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. மசாஜைக் கூட்டிவைத்தேன்.

"இதைக் குறைங்க. யாரோ பின்னாடியிருந்து குத்தற மாதிரி இருக்கு."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

கடைத்தொகுதியின் நிலவறை வண்டி நிறுத்தத்தில் சரிவிறங்கிப் பழகினேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். கையசைத்து மன்னிப்புக் கேட்டேன். இவ்வளவு பெரிய வண்டிக்குள் இருந்தாலும் நான் நான்தான்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

நாளை மலைக்கு. அக்காவிடம் சொல்லியாயிற்று. தொலைபேசி ஒலிபெருக்கியில் அக்கா குரல்: "ஏண்டி, அவரா ஓட்டறார்? அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவீங்க." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சாயங்காலம் அவள் மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்றேன். "கண்ணாடி" என்றாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. வயதாகிவிட்டது இருவருக்கும்.

ஆகஸ்ட் 22, சனி — அக்கா வீட்டில்

அவசரமா எழுதறேன். எழுத்து கோணலா வந்தா வரட்டும்.

சமவெளி வரைக்கும் நன்றாக வந்தேன். மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு சரி. அடுத்த கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருக்கிறேன், மேலேயிருந்து பேருந்து. அவனும் நின்றான், நானும் நின்றேன். நான் கொஞ்சம் பின்னால் வந்தால்தான் அவன் இறங்க முடியும். பின்னால் போகும் கியரைப் போட்டேன். திரையில் எல்லாப் பக்கமும் சிவப்பு. எச்சரிக்கை மணி எல்லாம் ஒரே நேரத்துல கத்துது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லை, வெறும் ஆகாசம். என் கால் மரத்துப்போச்சு. நிஜமாவே அசையலை.

"பின்னாடி நிறைய இடம் இருக்குங்க" என்றாள்.

"இருக்கா?"

"இருக்கு. வாங்க."

வர முடியவில்லை. சற்றுத் தள்ளிப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார்: "பெரியவரே, அங்கேயே வீடு கட்டிட்டீங்களா?"

அவள் என் கையைத் தொட்டாள். "இறங்குங்க."

"எங்கே?"

"கீழே. வண்டியைத் தாழ்த்திட்டு, இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

அவள் குரல் எனக்குப் பழக்கமான குரல். நடுச்சேற்றில் கன்று வெளியே வரும் நேரத்தில் சுற்றி நிற்பவர்களிடம் பேசும் குரல். நான் பொத்தானை அழுத்தினேன். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. நான் இறங்கிக்கொண்டேன். கைத்தடியை ஊன்றி, வண்டியின் முன்புறமாகச் சுற்றி வந்தாள். ஒரு நூறு பேர் பார்த்திருப்பார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்றாள். சாய்ந்தாள். உட்கார்ந்தாள். இரண்டு காலும் சேர்ந்து உள்ளே போயின. ஓட்டுநர் இருக்கையில்!

"அம்மாவா ஓட்டறாங்க? அப்ப நான் இன்ஜினை அணைச்சுட்டு ஒரு தூக்கம் போடறேன்" என்றார் பேருந்துக்காரர்.

"போடுங்க தம்பி, ஆனா எழுப்பறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

இருக்கையை முன்னால் இழுத்தாள், உயர்த்தினாள். திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிகளைப் பார்த்தாள், ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். வண்டி பின்னால் வந்து, பாறையோரம் ஒதுங்கி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் நின்றது. பேருந்து இறங்கியது. கடந்துபோகும்போது அந்த ஓட்டுநர் நெற்றியில் கைவைத்து வணக்கம் போட்டார்.

அப்புறம் மேலே. என்ன சொல்ல? அந்த வளைவுகள் எல்லாம் இவளுக்காகவே வெட்டிவைத்தது மாதிரி. பின்சக்கரம் திரும்பும்போதெல்லாம் "ஆகா" என்றாள், "இந்த வண்டியைப் பாருங்களேன், எப்படி வருது!" என்றாள். கூரைக் கண்ணாடியில் மரங்கள் ஓடின. அவற்றைப் பார்த்தவன் நான்தான். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அப்போதுதான் உறைத்தது: ஏரிக்கரையில் அவள் கால் தரையை அழுத்தியது பயத்தால் இல்லை. என் கால் அழுத்தியதுதான் பயம். அவள் அன்றைக்கே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உரிமம்?" என்று கேட்டேன், தயங்கித்தான்.

"கண்ணாடி தேடினேன்ல, அப்பவே எடுத்துப் பையில வச்சாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வண்டியை நீங்க அவ்வளவு ஆசையா அளந்தீங்க. எப்படிக் கேக்கறது?"

மசாஜைப் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி தாழ்ந்தது, கதவு திறந்தது, தவறான பக்கத்திலிருந்து தங்கை இறங்கினாள்.

"ஏண்டி! நீயா ஓட்டிட்டு வந்தே?"

"பின்னே யாரு, அவரா? அப்ப நாளைக்குத்தான் வந்திருப்போம்."

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகையின் நடுவிலேயே, இளைத்துவிட்டாய், நீதான் பெருத்துவிட்டாய் என்று சண்டையும் தொடங்கிவிட்டது. நான் பெட்டிகளை இறக்கினேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலையில் பனி. சகோதரிகள் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஓய்வதாகத் தெரியவில்லை. வண்டியைத் துடைக்கலாமென்று போனேன். கரும்பச்சை மேல் பனித்துளி. நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சும்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து 1-ஐ அழுத்தினேன். இருக்கை என் இடத்துக்கு வரவில்லை. முன்னால் போனது, உயர்ந்தது, இன்னும் முன்னால் போனது. என் முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன. நேற்று இறங்குமுன் அதில் தன்னைப் பதித்துவிட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மெல்ல வெளியே வந்து, இருக்கையைச் சரிசெய்து, சும்மா கிடந்த 2-இல் என்னைப் பதித்துக்கொண்டேன்.

மார்ச் 3 அன்று எழுதிய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் நிற்கின்றன. மூன்றும் நான்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டன, அதை விடுவோம். ஐந்தாவது தவறு.